ஓயாதது, விடாதது, முடியாதது

1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மென்ட் சட்டம் முதன்முதலில் நடப்புக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. அடுத்தவர் நிலத்தின் வழியே நடந்து போகும் உரிமை, நம் சன்னலுக்கு வரும் வெளிச்சத்தை அவர் சுவர் எழுப்பி மறைக்காதிருக்கும் உரிமை என்று, பிறர் சொத்தின் மேல் நமக்கு இருக்கும் அனுபவ உரிமைகளை வகுத்துச் சொல்லும் சட்டம் அது. அதன் 5ஆம் பிரிவு இந்த உரிமைகளை இரண்டாகப் பிரிக்கிறது. சன்னல் வெளிச்சம் ‘கன்டினுவஸ்’ வகை. நடைபாதை ‘டிஸ்கன்டினுவஸ்’ வகை. வெளிச்சம் யாரும் எதுவும் செய்யாமலே வரும். பாதையோ ஒருவர் நடந்தால்தான் அனுபவிக்கப்படும். இந்தப் பிரிவினையை வரையறுக்கும்போது சட்டத்தை எழுதியவர்கள் கையாண்ட சொற்களைப் பார்க்க வேண்டும். மனிதச் செயல் இல்லாமலே எந்த உரிமையின் அனுபவம் ‘கன்டினுவல்’ ஆக இருக்கிறதோ, இருக்கக்கூடுமோ, அதுவே ‘கன்டினுவஸ்’ உரிமை என்று எழுதியிருக்கிறார்கள்.

பள்ளியில் ஆங்கில இலக்கணம் படித்தவர் இந்த இடத்தில் நின்றுவிடுவார். கன்டினுவஸ் என்றால் இடைவெளியே இல்லாதது, கன்டினுவல் என்றால் விட்டுவிட்டு வருவது, ஒன்றை மற்றதன் இடத்தில் எழுதினால் பிழை என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சட்டமோ ஒன்றைக் கொண்டே மற்றதை விளக்குகிறது. அதற்கும் மேலே, சன்னலுக்கு இரவில் சூரிய வெளிச்சம் வருவதில்லை. நாள்தோறும் பாதி நேரம் நின்றுபோகும் ஒன்றைத்தான் சட்டம் கன்டினுவஸ் என்கிறது.

சட்டம் எழுதியவர்களுக்கு ஆங்கிலம் தெரியாமல் போயிருக்காது. அப்படியானால் பள்ளி விதிக்குத்தான் வயது குறைவாக இருக்க வேண்டும். உண்மையும் அதுதான். இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றே: ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தல் என்று பொருள்படும் லத்தீன் வினை. கன்டினுவல் 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக வந்தது. கன்டினுவஸ் 17ஆம் நூற்றாண்டில் நேரே லத்தீனிலிருந்து எடுக்கப்பட்டது. இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளும் மூத்த சொல்தான் இரண்டு வேலையையும் பார்த்தது. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில், அடைமழை நாளில் ஒழுகும் கூரைச் சொட்டும் கன்டினுவல்தான். காலையும் மாலையும் தவறாமல் செலுத்த வேண்டிய பலியும் கன்டினுவல்தான். சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் அகராதியைக் கொண்டுவந்தபோது, கன்டினுவஸ் என்பதற்குக் காலத்தைப் பற்றிய பொருளே தரவில்லை. நடுவில் வெற்றிடமின்றி ஒட்டியிருப்பது என்று இடத்தைக் குறிக்கும் பொருளைத்தான் தந்தார். கன்டினுவல் என்பதற்கோ இடையறாதது என்றே விளக்கம் எழுதினார். இன்றைய ஆசிரியர் ஒருவர் சிவப்பு மையால் திருத்தும் பயன்பாடு அது.

இரண்டையும் பிரித்தே தீர வேண்டும் என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டின் இலக்கண நூல்களில்தான் வலுப்பெற்றது. 1926இல் ஃபவுலர் தம் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில் அதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். அவருடைய வரையறையைப் பலரும் பாதியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே முறிவு இல்லாதது கன்டினுவஸ். அந்த முடிவு வெகு தூரத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். ஓயாமல் நடப்பதோ, குறுகிய இடைவெளிகளில் திரும்பத் திரும்ப வருவதோ, முடிவே வராது என்று நாம் நினைக்கும் எதுவும் கன்டினுவல். ஆக, இரண்டு நிமிடம் ஒலித்து அடங்கும் ஆலைச் சங்கு கன்டினுவஸ். ஆண்டாண்டாக அவ்வப்போது வெடிக்கும் பங்காளிச் சண்டை கன்டினுவல். முதல் சொல் இடைவெளியை மறுக்கிறது, முடிவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இரண்டாவது சொல் முடிவை மறுக்கிறது, இடைவெளியைப் பொறுத்துக்கொள்கிறது.

இந்தச் சொற்கூட்டம் முழுவதற்கும் வழிகாட்டுவது ஃபவுலரின் இந்தக் குறிப்புத்தான் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் ‘நிற்காதது’ என்று பொருள் தரும் சொற்கள் பத்துக்கு மேல் இருக்கின்றன. எது அதிக காலம், எது குறைந்த காலம் என்று அவற்றை வரிசைப்படுத்தப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். நிற்பதில் பல வகை உண்டு. நடுவில் விட்டுப்போவது ஒன்று, வேகம் தணிவது ஒன்று, அடியோடு முடிந்துபோவது ஒன்று. ஒவ்வொரு சொல்லும் இவற்றுள் ஏதோ ஒன்றைத்தான் மறுக்கிறது. மற்றவை நடந்தாலும் அதற்கு ஆட்சேபம் இல்லை.

மருத்துவர்கள் இதைத் தெளிவாகக் கையாளுகிறார்கள். காய்ச்சலை அவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறி இறங்காமலும், எந்த வேளையிலும் இயல்பு வெப்பத்தைத் தொடாமலும் இருப்பது கன்டினுவஸ் காய்ச்சல். அதைவிட அதிகமாக ஏறி இறங்கினாலும் இயல்பைத் தொடாதது ‘ரெமிட்டன்ட்’. சில மணி நேரம் காய்ந்து பிறகு இயல்புக்கே திரும்பிவிடுவது ‘இன்டர்மிட்டன்ட்’, நாம் விட்டுவிட்டு வரும் காய்ச்சல் என்பது. டைபாய்டு முதல் வகைக்குப் பாடநூல் உதாரணம். முறைக்காய்ச்சலான மலேரியா மூன்றாவதற்கு. நடுவில் இருக்கும் ரெமிட்டன்ட் தளர்வதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதன் எதிர்மறைதான் பேச்சிலும் எழுத்திலும் வழங்கும் ‘அன்ரெமிட்டிங்’. அன்ரெமிட்டிங் வலி என்றால் விடாத வலி என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது. ஒரு சுற்றுக்கூடக் குறையாத வலி அது. அன்ரெமிட்டிங் உழைப்பு என்றால் ஒரே மூச்சில் செய்த உழைப்பு என்பதைவிட, வேகம் குறையாத உழைப்பு. தூங்கி எழுந்து மறுநாள் அதே வேகத்தில் செய்தாலும் அந்தச் சொல் பொருந்தும்.

‘கான்ஸ்டன்ட்’ இதற்குப் பக்கத்து வீடு. நிலையாக நிற்றல் என்பது அதன் வேர். அளவு மாறாதது என்பதால் இயற்பியலார் அதை எடுத்துக்கொண்டார்கள். மனம் மாறாதவர் என்பதால் நண்பருக்கும் துணைவருக்கும் அது புகழ்ச்சொல் ஆனது. கன்டினுவஸ் நண்பர் என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். ஆண்டு முழுதும் என்ற பொருளில் பிறந்த ‘பெரெனியல்’ ஆற்றுக்கும் செடிக்கும் உரியது. தாமிரபரணியை ஆங்கில நூல்கள் அப்படித்தான் குறிக்கின்றன. ஆனால் பிரச்சினைக்கு அதே சொல்லை அடைமொழியாக்கினால், வற்றாத பிரச்சினை என்பதைவிட ஆண்டுதோறும் தலைதூக்கும் பிரச்சினை என்ற பொருளே முன்னுக்கு வரும்.

‘இன்செசன்ட்’ வேறு வகையானது. ஓய்தல் என்ற வேரோடு எதிர்மறை சேர்ந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நம் ஊர் ஆங்கில நாளிதழ்களில் இச்சொல்லை நாள்தோறும் பார்க்கலாம். மழை உண்மையில் ஓயாமலா பெய்கிறது? இரண்டு மணி நேரம் கொட்டும், அரை மணி நேரம் தூறும், நிற்கும், மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆனாலும் அது இன்செசன்ட் மழைதான். மழைமானி காட்டும் அளவை அந்தச் சொல் சொல்வதில்லை. நனைந்தவரின் சலிப்பைச் சொல்கிறது. அதே வேரிலிருந்து ‘சீஸ்லெஸ்’ என்றொரு சொல் உண்டு. அகராதிப் பொருளில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. இருந்தாலும் கடலலைக்குப் பொதுவாகச் சீஸ்லெஸ்தான் வரும், நாய் குரைப்புக்கு இன்செசன்ட்தான் வரும். கேட்பவருக்குத் தொல்லை என்றால் ஒன்று, வியப்பு என்றால் மற்றொன்று. ‘எப்போது பார்த்தாலும் போனிலேயே இருக்கிறான்’ என்று நாம் சொல்லும்போதும் அவன் போன் பேசும் நேரத்தைக் கணக்கிட்டா சொல்கிறோம்? ஆங்கிலத்தில் இருபத்தைந்து அகராதிகளைப் புரட்டினாலும் கிடைக்காத வேறுபாடு இதில்தான் இருக்கிறது: நிற்காததைப் பற்றிப் பேசுகிறவர் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறாரா, பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்பது.

பேச்சில் இந்த நுட்பம் தவறினால் பெரிய நட்டம் இல்லை. ஒரு தொழிலாளியின் இழப்பீடு அதில் தொங்கும்போது நிலைமை வேறு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், ஆட்குறைப்பில் வேலை இழப்பவருக்கு, அவர் முடித்த ஒவ்வொரு கன்டினுவஸ் பணியாண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும் என்றது. எது கன்டினுவஸ் பணி? 25பி பிரிவின் விடை முதல் பார்வைக்கு முரணாகத் தோன்றும். இடையறாத பணியே கன்டினுவஸ் பணி; ஆனால் நோய், அனுமதி பெற்ற விடுப்பு, விபத்து, சட்டவிரோதமல்லாத வேலைநிறுத்தம், கதவடைப்பு, தொழிலாளியின் தவறு இல்லாமல் வேலை நின்றுபோனது ஆகியவற்றால் ஏற்பட்ட இடைவெளியும் அந்த இடையறாத பணிக்குள் அடங்கியது. இப்படியும் கணக்குச் சேராவிட்டால் இன்னொரு வழி இருந்தது. முந்தைய 12 மாதங்களில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் ஓராண்டு கன்டினுவஸ் பணியாகக் கொள்ளப்பட்டது. சுரங்கத்தின் அடியில் வேலை பார்ப்பவர்களுக்கு 190 நாளே போதுமானதாக இருந்தது.

365 நாளில் 240 நாள் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடைவெளி. ஃபவுலரிடம் காட்டினால் இது கன்டினுவல் என்றுகூடச் சொல்லத் தயங்கியிருப்பார். ஆனால் சட்டத்தின் நோக்கம் இலக்கணம் காப்பது அல்ல. இடைவெளியை உண்டாக்கியவர் யார் என்பதே அது கேட்கும் கேள்வி. அதனால்தான் 240ஐத் தொடவிடாமல் இரண்டு நாள், மூன்று நாள் என்று செயற்கையாக வேலையை முறித்து, மறுபடி புதிதாக ஆள் எடுப்பதுபோல் எடுத்துக்கொள்ளும் உத்தியை நீதிமன்றங்கள் பல வழக்குகளில் ஏற்க மறுத்தன. ஞாயிற்றுக்கிழமையும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் அந்த 240 நாளில் சேருமா என்ற கேள்வி அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. சேரும் என்று 1985இல் தீர்ப்பாயிற்று. ஊதியத்துடன் கூடிய ஓய்வு நாளும் வேலைத் தொடர்ச்சியின் பகுதியே என்பது அந்த விளக்கம். சொல் ஆராய்ச்சி என்பது வேலையற்றவர் வேலை என்று எண்ணுவோர் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்துப்பார்க்க வேண்டும்.

சட்டத்துக்கு மிகப் பிடித்த சொல் ‘பெர்பெச்சுவல்’. நம் ஊர் முன்சீப் நீதிமன்றங்களில் நிரந்தர உறுத்துக்கட்டளை என்று கேட்கிறார்களே, அது பெர்பெச்சுவல் இன்ஜங்ஷன். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 9ஆம் பிரிவு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் பெர்பெச்சுவல் வாரிசுத்தொடர்ச்சி உண்டு என்கிறது; பங்குதாரர் எல்லோரும் இறந்தாலும் நிறுவனம் இறக்காது. கோயில் சொத்து வழக்குகளில் தெய்வம் ஒரு பெர்பெச்சுவல் மைனர். மற்ற மைனர்கள் 18 வயதில் மேஜராகிவிடுவார்கள், தெய்வத்துக்கு அந்த நாள் வருவதே இல்லை. ஆகவே அதன் சொத்தைக் காக்கும் பொறுப்பு நீதிமன்றத்துக்கு ஒருநாளும் நீங்குவதில்லை.

1816இல் ஆங்கில ஒருபொருட்சொற்களை ஆராய்ந்து நூல் எழுதிய ஜார்ஜ் கிராப், பெர்பெச்சுவல் என்பதன் நடுவே இடைவெளிகள் இருக்கலாம், முடிவுதான் இருக்கக் கூடாது என்று குறித்தார். கடன் பத்திரங்களில் இது நன்றாக விளங்கும். நெதர்லாந்தின் லெக்டைக் போவன்டாம்ஸ் என்ற நீர்வாரியம் 1648இல் கரை பராமரிப்புக்காகப் பெர்பெச்சுவல் பத்திரங்களை விற்றது. ஆட்டுத்தோலில் எழுதப்பட்ட ஒன்றை 2003இல் யேல் பல்கலைக்கழகம் வாங்கி, 2015இல் நிலுவை வட்டியையும் பெற்றுக்கொண்டது. நூறாண்டு கேட்காமல் விட்டாலும் பத்திரத்தின் உயிர் போகாது. அதே 2015இல் பிரிட்டிஷ் அரசு, முதல் உலகப்போர் காலக் கடனில் மீந்திருந்த பெர்பெச்சுவல் பத்திரங்களைப் பணம் கொடுத்துத் தீர்த்துவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சொல்லின் எல்லை தெரிகிறது. பெர்பெச்சுவல் என்றால் முடிவே வராது என்று உறுதி கூறுவது அல்ல. முடிவுத் தேதி குறிக்கப்படவில்லை என்பதுதான். நிரந்தர உறுத்துக்கட்டளையும் மேல்முறையீட்டில் நீங்கும், நிறுவனத்தையும் கலைக்கலாம்.

தேதி குறிக்காததைத் தானாகவே முடியாதது என்று நம்பியவர்களும் இருந்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர், ஆரக்கால்களில் பாதரசம் நிரப்பிய, தானே சுழலும் சக்கரம் ஒன்றை விவரித்தார். அதன் பிறகு ஐரோப்பாவிலும் நூற்றுக்கணக்கானோர் பெர்பெச்சுவல் இயக்கத்துக்குப் பொறி செய்து பார்த்தார்கள். 1775இல் பாரிஸ் அறிவியல் அகாடமி இனி இத்தகைய பொறிகளைப் பரிசீலிப்பதில்லை என்று முடிவெடுத்தது. ஆற்றல் அழிவின்மை விதி வகுக்கப்படுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எடுத்த முடிவு அது.

முடிவை மறுப்பதற்கும் காலத்தையே மறுப்பதற்கும் உள்ள தூரத்தைத் தெளிவாக அளந்தவர் போயத்தியஸ். ரோமானிய அரசியலாளரான அவர், ஏறத்தாழ 524இல், மரண தண்டனைக்குக் காத்திருந்த சிறையில் ‘தத்துவத்தின் ஆறுதல்’ என்ற நூலை எழுதினார். உலகத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம்; அப்போதும் அதைக் கடவுளுக்குரிய சொல்லால் அழைக்க முடியாது என்பது அவர் வாதம். உலகம் ஒவ்வொரு கணமாக வாழ்கிறது. நேற்றை இழந்துவிட்டது, நாளையை இன்னும் பெறவில்லை. எல்லையற்ற வாழ்வு முழுவதையும் ஒரே நேரத்தில் கைக்கொண்டிருப்பதுதான் நித்தியம். எனவே உலகம் பெர்பெச்சுவல், கடவுள் ‘எடர்னல்’ என்று அவர் பிரித்தார். அந்த வரையறையில் எல்லையற்ற என்பதற்கு அவர் எழுதிய லத்தீன் சொல்தான் இன்று ஆங்கிலத்தில் ‘இன்டர்மினபிள்’ என வழங்குகிறது. கடவுளின் வாழ்வுக்கு அடையாக இருந்த அது, இப்போது தலைவரின் நீண்ட உரைக்கும் அலுவலகக் கூட்டத்துக்கும் உரிய சொல்லாகிவிட்டது. முடிவு உண்டு என்று தெரிந்த ஒன்றுக்குத்தான் ஆங்கிலம் பேசுவோர் அதைப் பயன்படுத்துகிறார்கள். உரை முடியும், முடியும் இடம் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

போயத்தியஸ் பிரித்ததை ஆங்கிலத்தில் மறுபடி பிரிக்க முயன்ற ஒருவர் வேலையை இழந்தார். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் முதலில் ஆங்கில இலக்கியமும் வரலாறும், பிறகு இறையியலும் கற்பித்தவர் எஃப். டி. மாரிஸ். 1853இல் வெளியான இறையியல் கட்டுரைத் தொகுப்பில், பைபிளில் எடர்னல் என்று வரும் இடங்களில் அதற்கு ‘எண்ட்லெஸ்’ என்று பொருள் கொள்ளலாகாது என்று அவர் எழுதினார். கடவுளை அறிவதே நித்திய வாழ்வு, அவரிடமிருந்து பிரிவதே நித்திய மரணம். எத்தனை ஆண்டு என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை என்பது அவர் கருத்து. அப்படியானால் நரக தண்டனைக்கு முடிவு உண்டா என்று கல்லூரி நிர்வாகம் அதிர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் பேராசிரியர் பதவிகளிலிருந்து நீக்கப்பட்டார். மறு ஆண்டு அவர் லண்டனில் தொழிலாளர் கல்லூரியைத் தோற்றுவித்தார். ஒரு பெயரடையின் பொருளுக்காக ஒருவர் இவ்வளவு விலை கொடுத்ததை நான் மதிக்கிறேன். பாதி உடன்பட்டு ஒரு திருத்தம் வெளியிட்டிருந்தால் பதவி தப்பியிருக்கலாம்; அவர் அதைச் செய்யவில்லை.

அந்தச் சர்ச்சைக்கு ஒரு பங்கு எரிபொருள் தந்தது 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்புத்தான். மத்தேயு 25ஆம் அதிகாரம் 46ஆம் வசனத்தில் தீயவர்களின் தண்டனைக்கும் நீதிமான்களின் வாழ்வுக்கும் கிரேக்க மூலத்தில் அடைமொழி ஒன்றே: அயோனியோஸ். கிங் ஜேம்ஸ் பைபிள் தண்டனைக்கு ‘எவர்லாஸ்டிங்’ என்றும் வாழ்வுக்கு எடர்னல் என்றும் எழுதியது. ஓசை நயத்துக்காகவோ, ஒரே சொல் இருமுறை வருவதைத் தவிர்ப்பதற்காகவோ அவர்கள் இப்படிச் செய்திருக்கலாம். ஆனால் எவர்லாஸ்டிங் கால நீட்சியைச் சொல்லும் சொல். எடர்னல் காலத்துக்கு அப்பாலும் போகக்கூடிய சொல். மூலத்தில் இல்லாத ஒரு வேறுபாட்டை ஆங்கில வாசகர் இருநூற்று எழுபது ஆண்டுகள் படித்தார்கள். 1881இல் வந்த திருத்திய பதிப்பு இரண்டு இடத்திலும் எடர்னல் என்றே மாற்றியது. தமிழில் பல தலைமுறைகளாக வழக்கில் உள்ள வேதாகமப் பதிப்பு அதே வசனத்தில் ஆக்கினைக்கும் ஜீவனுக்கும் நித்திய என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. இந்த ஒரு வசனத்தைப் பொறுத்தவரை, கிங் ஜேம்ஸ் பைபிளைவிடத் தமிழ் வேதாகமம் கிரேக்க மூலத்துக்கு நெருக்கமானது.